எந்த ஆண்டுக் காரை மீட்பது?

பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர், கலியாணம் ஒன்றுக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்தார். நான் திருத்திவரும் எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, பின்னேரம் பார்க்க வந்துவிட்டார். விஷயம் தெரிந்த மனிதர். நடுவில் பிரிந்த முன்கண்ணாடியைப் பார்த்தார். கதவுத் தூணுக்குள் மடிந்து கிடக்கும், திரும்பும் பக்கத்தைக் காட்டுகிற ட்ரஃபிகேற்றர் கையை விரலால் மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தார். நிலத்தில் குந்தியிருந்து முன் சில்லுக்குப் பின்னால் ரோர்ச் அடித்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல சொல் சொன்னார். கடைசியாகப் பொனட்டைத் திறந்தேன். பற்றரிக்குப் பக்கத்தில் தகட்டோடு இறுக்கியிருக்கும் பித்தளை வால்வையும் அதிலிருந்து, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குப் போகும் செப்புக் குழாயையும் கண்டதும் அவர் முகம் மாறியது. "இதுகளைக் கழட்டி, ஓட்டையளை அடைச்சு, பெயின்ற் அடிச்சுவிடுங்கோ. 1955இல ஃபக்டரியால வந்த மாதிரி இருந்தால்தான் காருக்குப் பெறுமதி" என்றார். அன்போடுதான் சொன்னார். என் உழைப்பு வீண்போகக்கூடாது என்ற அக்கறை அந்தக் குரலில் இருந்தது. ஆனாலும் அவர் போன பிறகு அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. பல மாதமாக மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன். அந்த வாதத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் பெரியப்பாவுடையது. 1955ஆம் ஆண்டு மைனர், சீரிஸ் 2. 803 சி.சி. எஞ்சின், 30 குதிரைவலு. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து கிடையாது. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள இலக்கத் தகடு வந்து, அதற்கு எதிராக வடக்குக் கிழக்கில் போராட்டம் நடப்பதற்கு முன்னரே பதிவான வண்டி. மைனரின் கதை பழைய கார் பிரியர்களுக்குத் தெரிந்ததுதான்: அலெக் இஸிகோனிஸ் வரைந்தார், 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள், 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். எங்கள் தீவில் இத்தனை மைனர்கள் தப்பியிருப்பதற்குக் காரணம் வேறு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977வரை பெரிதாகத் தளர்த்தவில்லை. புதுக் கார் வராத நாட்டில், இருக்கிற காரைச் சாக விட முடியாது. திருத்தித் திருத்தி ஓடினார்கள். அந்தத் திருத்துகிற கை யாழ்ப்பாணத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பழகியது.

சூட்கேஸில் வந்த சாமான்கள்

மைனர் வைத்திருப்பவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 70 வருடம் பழைய காராக இருந்தாலும், இங்கிலாந்தில் இதற்கு அநேகமாக எல்லாச் சாமானும் புதிதாகக் கிடைக்கிறது. கதவு றப்பர், பிரேக் சிலிண்டர், தரைத் தகடு, ட்ரஃபிகேற்றர் பல்ப், என்ன கேட்டாலும் ஒரு பாக இலக்கம் சொல்லுவார்கள். ஆனால் இலக்கம் சரியாகத் தெரிய வேண்டும். பிற்காலத்து 1098 சி.சி. மைனருக்கு முன் பிரேக் ட்ரம் 8 அங்குலம், எங்களுடையதற்கு 7 அங்குலம். 'மைனர் பிரேக் ஷூ' என்று பொதுவாகக் கேட்டு எடுப்பித்தால், கடல் கடந்து வந்த சாமான் அலுமாரியில் கிடக்கும். முன் சில்லைத் தாங்கும் ட்ரனியனும் அப்படித்தான், இடது பக்கத்துக்குரியது வலது பக்கத்துக்குப் போகாது. இந்தக் காரில் நான் மிகவும் பயந்தது அந்த ட்ரனியனுக்குத்தான். மரை போட்ட ஒரு இரும்புத் துண்டு, அதற்குள் மரை போட்ட ஒரு தண்டு, ஸ்ரியரிங் திருப்பும்போது ஒன்றுக்குள் ஒன்று சுழலும். ஒவ்வொரு ஆயிரம் மைலுக்கும் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து விழும். எங்கள் வண்டியில் மரை எவ்வளவு தேய்ந்திருந்தது என்றால், கழட்டிக் கையில் எடுத்துச் சுழற்றாமலே இழுத்தேன், பாதி தூரம் வந்துவிட்டது.

இப்படிச் சிறிய, கனமான சாமான்களுக்குத் தபால் செலவு சாமான் விலையை எட்டிவிடும். அதனால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். லண்டனில் இருக்கும் மச்சான் வீட்டு முகவரிக்கு ஓடர் போட்டேன். ஊருக்கு யார் வந்தாலும் அவர்களுடைய சூட்கேஸில் ஒரு பொதி வரும். கோயில் திருவிழாவுக்கு வந்த சித்தி, பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த சொக்லேற்றுக்குக் கீழே ஒரு சோடி ட்ரனியனைச் சுற்றி வைத்திருந்தா. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். "என்ர அத்தாரின்ர காரின்ர கால்" என்று சொல்லியிருக்கிறா. விட்டுவிட்டார்களாம். இந்தக் காரின் முன்பக்கம் முழுவதும் அப்படி உறவினர் கையால் வந்ததுதான். எந்தப் பாகம் யார் கொண்டுவந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நடுவில் காலம் இறுகியது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பொருளாதாரம் சரிந்த 2022இல், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. லண்டனில் விலை ஏறாத பொருள்கூட எங்களுக்கு இரட்டை விலை. ஒரு பொதி ஓர் அலுவலகத்தில் நெடுநாள் தேங்கிக் கிடந்தது. பழைய காருக்கு எதற்குப் புதுச் சாமான் என்று கேட்டவருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தேன். அதைப் பெரிதுபடுத்த விருப்பமில்லை. அந்த நேரம் மருந்துக்கே டொலர் இல்லாமல் நாடு தவித்தது.

பிரேக்கை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மைனர் வைத்திருக்கிற எல்லாருக்கும் அது ஒரு கண்டம். மற்றக் கார்களில் பொனட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற சாமான், இதில் சாரதியின் காலுக்குக் கீழே, சசி இரும்புக்குள் ஒளிந்திருக்கும். தரையில் உள்ள சின்ன மூடியைத் திறந்துதான் பிரேக் ஒயில் விட வேண்டும். சிலிண்டரைக் கழட்ட இரண்டு போல்ற். அவற்றை வெளியே இழுக்கும் பாதையில் முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரோஷன் பார் என்ற முறுக்குத் தண்டு குறுக்கே கிடக்கும். பாரைக் கழட்டினால் முன் சஸ்பென்ஷனையே இளக்க வேண்டும். நானும் கராஜ் அண்ணையும் ஒரு பகல் முழுவதும் காருக்குக் கீழே கிடந்து பார்த்துவிட்டு, கடைசியில் போல்ற்றை வாளால் அறுத்து எடுத்தோம். புதுப் போல்ற்றை மறுபக்கமிருந்து போட்டார் அண்ணை. அடுத்த முறை கழட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும். தொழிற்சாலை போட்ட பக்கம் அது இல்லை. ஆனால் கொழும்பில் இருந்து வந்தவர் அதைக் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் பலர் அப்படித்தான் போடுகிறார்களாம், அதனால் அது குற்றமில்லை என்றார்.

காலியிலிருந்து வந்த தகடு

சாரதி பக்கத்துத் தரைத் தகடு கறள் பிடித்து, காலை வைத்தால் நிலம் தெரிந்தது. கதவுக்குக் கீழ்த் தகடும் அப்படித்தான். டிங்கர் வேலைக்காரர் பற்றுப் போட்டுத் தருகிறேன் என்றார். மைனருக்குத் தனியாக முழுச் சசி கிடையாது, தரையும் கீழ்த் தகடும் சேர்ந்துதான் காரின் முதுகெலும்பு. பற்றுப் போட்ட முதுகெலும்பில் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தகடு சூட்கேஸில் வராது. லண்டனிலிருந்து கப்பலில் எடுப்பிக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னான்: "எட, உந்தத் தகடுகளில கொஞ்சம் சிலோனிலதானாம் செய்யிறது. இங்க கடைக்காரன் சொல்றான்."

உண்மைதான். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்தியவர் சார்ள்ஸ் வெயார். நல்ல காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிட, அதையே காலம் முழுக்கத் திருத்தி ஓட்டலாம் என்பது அவர் கொள்கை. அவர் 1990களின் தொடக்கத்தில், இலங்கைக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, தெற்கே காலிப் பகுதியில் மைனர் பாகங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கியிருக்கிறார். மைனரை அன்றாடம் ஓட்டுகிற, சுத்தியலும் கையுமாகத் தகடு வளைக்கத் தெரிந்த ஆட்கள் இங்கேதான் இருந்தார்கள். அங்கே செய்த தகடுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஒக்ஸ்போர்ட் பக்கம் கௌலியில் பிறந்த கார்களுக்குப் புது உடம்பாயின.

பஞ்சிகாவத்தையில் ஒரு வியாபாரியைப் பிடித்தேன். கொழும்பில் பழைய காருக்குச் சாமான் தேடுகிறவர்களுக்குப் பஞ்சிகாவத்தையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர் மூலம் தெற்கிலிருந்து தரைத் தகடு வந்தது. லொறியில் ஏறி, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பொதியைப் பிரித்துத் தகட்டை வெயிலில் சரித்துப் பார்த்தேன். ஓரத்தை மடித்த இடத்தில், கைவேலையின் மெல்லிய அடிகள் வரிசையாகத் தெரிந்தன. வைத்துப் பார்த்தோம், பொருந்தியது. எனக்கு அந்த நேரம் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அன்று இரவு ஆண்டுக் கணக்கு ஒன்று மனதுக்குள் ஓடத் தொடங்கியது. தெற்கில் இங்கிலாந்துக்காக மைனர் தகடு வளைக்கத் தொடங்கிய அந்த 1990களின் தொடக்கத்தில், வடக்கில் எங்கள் மைனர் என்ன செய்துகொண்டிருந்தது? 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது. யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராது, பற்றரி வராது, சீமெந்து வராது. மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். அந்தக் காலத்தில் பெரியப்பாவின் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது.

பெ, ம

மண்ணெண்ணெயில் கார் ஓடுவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதுக் கதை இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்டும் சோமர்செட்டும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியதை எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். ஆனால் அது எப்படி ஓடியது என்பதை, இந்தக் காரைக் கழட்டிப் பூட்டும் வரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளித் துளியாகவே உள்ளே போய், பற்றாமல், சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். அதனால் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். மைனரின் எஞ்சின் இதற்கு ஓரளவு தோதானது. ஒஸ்ரின் ஏ30 காருக்கென்று செய்த எஞ்சின் அது, 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியான பிறகு மைனருக்கும் வந்தது. அதில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். புகைக் குழாயின் சூடு காபரேற்றருக்கு நேர் கீழே கிடைக்கும். அமுக்க விகிதமும் 7.2தான். அதிகம் அமுக்குகிற எஞ்சினாக இருந்தால் மண்ணெண்ணெய் தானாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். அதையும் குறைக்க, எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் வைக்கும் ஹெட் காஸ்கெற்றை எங்கள் காரில் இரண்டாக அடுக்கிப் போட்டிருந்தார்கள். ஹெட்டைத் தூக்கியபோது கண்டேன்.

பெரிய ராங்கியில் மண்ணெண்ணெய். பொனட்டுக்குள் ஒரு சின்ன ரின்னில் பெற்றோல். இரண்டு குழாயும் வந்து சேருமிடத்தில்தான் அந்தப் பித்தளை வால்வு. ஒரு பக்கம் திருப்பினால் பெற்றோல், மறுபக்கம் மண்ணெண்ணெய். வீடு வந்து சேர்வதற்குக் கொஞ்சத் தூரம் முன்பே வண்டியை நிறுத்திப் பெற்றோலுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும், அடுத்த முறை கார் பற்றாது. இரவில் ஒருவருக்கு வருத்தம் என்று கதவைத் தட்டினால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. பெரியப்பா அதை மறக்காமல் செய்வார் என்று பெரியம்மா இப்போதும் சொல்லுவா.

காபரேற்றருக்கு இங்கிலாந்திலிருந்து புது ஊசி, ஜெற், வாஷர் எல்லாம் அடங்கிய பொதி வந்தது. கூடவே 1955இல் இருந்த அதே வளைவில் ஒரு எரிபொருள் குழாயும் வந்தது. அதைப் பூட்ட வேண்டுமானால் வால்வைக் கழட்ட வேண்டும். சரி, கழட்டித் துடைத்துப் பார்ப்போம் என்று மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பல் தீட்டும் பிரஷ்ஷால் தேய்த்தேன். லேத்தில் கடைந்த உடம்பு. கடைசல் வரி இன்னும் விரல் நுனியில் படும். திருப்புகிற பிடி ஒரு பழைய அலுமாரித் திறப்பு. அதன் பல்லை அறுத்துவிட்டு, தலையை மட்டும் பித்தளையால் ஒட்டியிருந்தார்கள். அழுக்குப் போனதும் உடம்பின் இரண்டு பக்கத்திலும் ஆணியால் குத்திக் குத்திப் போட்ட இரண்டு எழுத்துத் தெரிந்தது. ஒரு பக்கம் 'பெ'. மறுபக்கம் 'ம'.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த ஒவ்வொரு பொதியிலும் ஒரு பாக இலக்கம் இருக்கிறது. எது உடைந்தாலும் அந்த இலக்கத்தைச் சொல்லி இன்னொன்று வாங்கலாம். இதற்கு இலக்கம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் யாரோ, ஜெனரேற்றரை எதிலோ ஓட்டி, லேத் சுழற்றி இதைக் கடைந்திருக்கிறார்.

வால்வை எடுத்துக்கொண்டு கராஜ் அண்ணையிடம் போனேன். அவர் அந்தக் காலத்தில் எத்தனையோ காரை மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர். இதையும் பூட்டியது அவர்தான். கண்டதும் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உதை ஏன் தம்பி இன்னும் வைச்சிருக்கிறாய்? கழட்டு. பற்றரிக்குப் பக்கத்தில பெற்றோல் ரின். மனுசர் எரிஞ்சுபோற வேலை அது. வேற வழியில்லாமல் செய்தது" என்றார். அப்புறம் சாவகாசமாக இன்னொன்றும் சொன்னார். "உது என்ர யோசினை இல்லை. கிளிநொச்சியில பேர்குசன் உழவு மெசினில இருந்ததைப் பார்த்துச் செய்தது."

எனக்கு எல்லாம் திரும்பியது அந்த ஒரு வசனத்தில்தான். பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, இங்கிலாந்திலேயே மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்குத்தான் கிடைத்தது, விவசாயிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதனால் கொவென்றியில் தொழிற்சாலையே சின்னப் பெற்றோல் ராங்கி, பெரிய எரிபொருள் ராங்கி, நடுவில் ஒரு இருவழி வால்வு என்று பூட்டி அனுப்பியது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணு, சூடானதும் மாற்று, நிறுத்த முன்னம் திரும்ப மாற்று என்று கைநூலிலும் போட்டது. அந்த உழவு இயந்திரம் வன்னிக்கு வந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு மெக்கானிக் அதைக் கண்டு, ஒக்ஸ்போர்டில் பிறந்த காரில் கொவென்றியின் யோசனையை யாழ்ப்பாணத்துப் பித்தளையில் பூட்டினார். பழைய பேர்குசன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வால்வு இன்றைக்கும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கிறது. அங்கே அது அசல் பாகம். எங்கள் காரில் இருப்பது கழட்டி எறிய வேண்டியதா?

1955 மட்டும்தானா?

கொழும்பு நண்பரின் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. பழைய காரை ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே போனால், மைனர் என்றால் என்ன என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போகும். தொழிற்சாலையை விட்டு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சியாகச் சில கார்களாவது இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சாட்சிக்கு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான மைனர்கள் நிற்கின்றன. 1955இன் ஒவ்வொரு ஸ்குறூவுக்கும் அங்கே படமும் இலக்கமும் இருக்கின்றன. 1955ஐ நான் எப்போது வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். 1992ஐ எங்கே வாங்குவது? அந்த ஐந்தாறு வருடத்தில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் நடந்த வேலைக்குக் கைநூல் கிடையாது, வரைபடம் கிடையாது. வேலை செய்தவர்கள் பலர் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாமான்களை விட்டுவிட்டு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தார்கள். சிலர் திரும்பவில்லை. எஞ்சியிருக்கும் சாட்சி, கார்களின் பொனட்டுக்குள் இருக்கிற இப்படிப்பட்ட துண்டுகள்தான். ஒவ்வொரு கார் 'சரியாக' மீட்கப்படும்போதும் அதில் ஒன்று பழைய இரும்புக்காரரிடம் போகிறது.

2022இல் பெற்றோல் நிலையங்களுக்கு முன்னால் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்றபோது, சிலர் என்னிடம் வந்து, "உங்கட காரில பழைய சிஸ்ரம் இருக்குத்தானே, திரும்ப மண்ணெண்ணெய்க்குப் போகலாமே" என்றார்கள். போகமுடியாது. அந்த முறை மண்ணெண்ணெயும் இல்லை. மீனவர்களே படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஓகஸ்ட் மாதம் அதன் விலையை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆக்கினார்கள். எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையில் வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைத்தது, மைனருக்கு அது தாராளம். ஆகவே வால்வை வைத்திருப்பதற்குப் பயன் ஒரு காரணம் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வால்வு காரிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் அண்ணை சொன்னதை மீறவில்லை. பெற்றோல் ரின்னைக் கழட்டி வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த குழாய் நேரே காபரேற்றருக்குப் போகிறது, எரிபொருள் வால்வுக்குள் போவதே இல்லை. இரட்டைக் காஸ்கெற்றை எடுத்து ஒன்றாக்கினேன், எஞ்சின் நல்ல பெற்றோலில் ஓடும்போது அது தேவையில்லை. பழைய காஸ்கெற் இரண்டையும் எண்ணெய் பூசிக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். வால்வு மட்டும் தன் பழைய இடத்தில், தன் பழைய இரண்டு போல்ற்றில் நிற்கிறது. அந்த இடத்துத் தகட்டுக்குப் புதுப் பெயின்ற்றும் அடிக்கவில்லை. காலித் தகடு தரையில் இருக்கிறது, சித்தி கொண்டுவந்த ட்ரனியன் முன்னால் இருக்கிறது, யாழ்ப்பாணத்து வால்வு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. யாராவது எந்த ஆண்டுக் கார் என்று கேட்டால், 1955 என்றுதான் பதிவுப் புத்தகத்தைக் காட்டுவேன். பொனட்டையும் திறந்து காட்டுவேன்.

இதை வாசிக்கிறவர்களில் பலருடைய வீட்டில் இன்னும் ஒரு ஒஸ்ரினோ மொறிஸோ கொட்டிலில் நிற்கும். விற்கப் போகிறீர்களோ திருத்தப் போகிறீர்களோ, முதலில் பொனட்டைத் திறந்து படம் எடுங்கள். குழாய் எந்த வழியால் போகிறது, ரின் எங்கே இருந்தது, காபரேற்றரில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும்படி பல பக்கத்தாலும் எடுங்கள். யார் செய்தது, எந்தக் கராஜ், எந்த ஆண்டு என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்து, எனக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு கராஜும் வேறு வேறு மாதிரிச் செய்ததாக அண்ணை சொல்கிறார், நான் இதுவரை கண்டது எங்களுடையதை மட்டும்தான். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுத்தால் நல்லது. குழாயின் விட்டம் தெரிந்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.